கல்லூரி ஃபுட்பால் பார்க்க வெளியூர் போகலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, செப்டம்பர் பிறந்தால் ஆபிஸில் எல்லாரும் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்) பேச்சாகவே இருக்கிறார்கள், ஒரு வெளியூர் ஆட்டத்துக்காவது போய்ப் பார்க்க ஆசை. எங்கே போவது, எப்படிப் போவது, டிவியில் வீட்டிலேயே பார்க்க முடிகிற ஆட்டத்துக்கு இவ்வளவு செலவு தகுமா? நான் ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவன், படிப்பு முடிந்தும் இந்தப் பக்கமே தங்கிவிட்டேன், மிச்சிகன் அணி போகிற ஊர்களுக்கு முடிந்தபோதெல்லாம் பின்னாலேயே போகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆட்டத்தை ஆட்டமாக மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வீட்டு சோஃபாதான் வசதி. டிவியில் ரீப்ளே உண்டு, எந்தக் கோட்டைத் தொட வேண்டும் என்று மஞ்சளாகக் காட்டுவார்கள், கழிவறைக்கு வரிசையில் நிற்க வேண்டாம். ஸ்டேடியத்தில் சுமார் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், அதில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போகும். விளம்பர இடைவேளை வந்தால் டிவி ஆள் ஒருவர் ஓரத்திலிருந்து மைதானத்துக்குள் சில அடி வந்து நிற்பார், அவர் திரும்பி வெளியே போகும் வரை இரண்டு அணியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். இதெல்லாம் தெரிந்தும் ஏன் ஏழெட்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போகிறோம் என்றால், பார்க்கப் போவது ஊரை. இதுதான் என் முழுப் பதிலின் சாரமும். தரவரிசையில் எந்த அணி எத்தனையாவது இடம் என்று பார்த்து டிக்கெட் வாங்காதீர்கள், எந்த ஊர் என்று பார்த்து வாங்குங்கள், முடிந்தால் எதிரணி ஆளாகவே போங்கள்.

இது ஏன் கல்லூரி ஆட்டத்துக்கு மட்டும் பொருந்துகிறது என்று சொல்கிறேன். என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்கின் அணிகள் பெரிய நகரங்களில் இருக்கின்றன, முதலாளி நினைத்தால் அணியையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவார். பல்கலைக்கழகம் எங்கேயும் போகாது. 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் முதல் ஆட்டம் ஆடினார்கள், அன்றிலிருந்து இந்த விளையாட்டு அதே ஊர்களில் அப்படியே வேர்பிடித்துக் கிடக்கிறது. ஸ்டேட் காலேஜ், லிங்கன், அயோவா சிட்டி, டஸ்கலூசா, காலேஜ் ஸ்டேஷன் எல்லாம் நம் ஊரில் யாரும் கேள்விப்படாத பெயர்கள். ஆனால் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய கல்லூரி ஃபுட்பால் ஸ்டேடியங்கள் இந்த நாட்டில் எட்டு இருக்கின்றன, அவற்றில் பல இப்படிப்பட்ட ஊர்களில்தான் நிற்கின்றன. ஆன் ஆர்பர் ஸ்டேடியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927-ல் பூமியைத் தோண்டிக் கட்டியது, அதனால் வெளியே தெருவிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது, உள்ளே நுழைந்ததும் காலடியிலிருந்து பள்ளம் இறங்கிக்கொண்டே போகும், 1,07,601 இருக்கைகள். 1975 நவம்பரிலிருந்து கொரோனா வருஷம் தவிர எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே போனதில்லை. முதலில் இங்கே ஒரு சாதாரண ஆட்டத்தைப் பாருங்கள், செப்டம்பரில் சின்ன அணி ஏதாவது வரும்போது டிக்கெட் மலிவு. ஆட்டம் புரிய அதுவே போதும்: பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி (அதுதான் டச்டவுன்), கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று. மற்றதெல்லாம் பக்கத்து சீட்காரர் சொல்லித் தருவார், கேட்காமலேயே சொல்லித் தருவார்.

சரி, வெளியூருக்கு வருவோம்.

ஒரே ஒரு ஊர்தான் போக முடியும் என்றால் நான் அயோவா சிட்டியைச் சொல்வேன். 2022 அக்டோபர் 1, மிச்சிகன் அங்கே ஆடியது, காலை 11 மணி ஆட்டம். ஆன் ஆர்பரிலிருந்து ஆறரை, ஏழு மணி நேரப் பயணம், சிகாகோவைத் தாண்டி இன்டர்ஸ்டேட் 80 பிடித்தால் நேர்கோடு. வழியில் வால்காட் என்ற இடத்தில் உலகத்திலேயே பெரிய டிரக் ஸ்டாப் என்று போர்டு வைத்திருக்கும் ஒன்று வரும், அங்கே இறங்கினால் பாதி கார்களில் இரண்டு அணிகளின் கொடியும் தெரியும், முன்பின் தெரியாத ஆட்கள் உங்கள் மிச்சிகன் தொப்பியைப் பார்த்து எங்கள் அணி கோஷமான "கோ ப்ளூ" என்பார்கள், நீங்களும் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே மெல்ரோஸ் அவென்யூவில் புகை எழும்ப ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையையே பார்க்கிங்காக்கிக் காசு வாங்குவார்கள், தெருவோரம் முழங்கை நீளத்துக்கு வான்கோழிக் கால் சுட்டு விற்பார்கள், காலை ஏழு மணிக்கு அதைக் கையில் பிடித்துத் தின்றுகொண்டு தாத்தாவும் பேரனும் நடந்து போவார்கள்.

அந்த ஸ்டேடியத்தின் பெயர் கின்னிக். எதிரணியின் உடைமாற்றும் அறை முழுக்க இளஞ்சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருப்பார்கள், பழைய கோச் ஹேடன் ஃப்ரை செய்த ஏற்பாடு. ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. ஸ்டேடியத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இருக்கிறது, 2017-ல் திறந்த கட்டடம், மேல் மாடி ஜன்னல்களிலிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதி, முடிந்ததும் ஸ்டேடியத்தில் இருக்கும் அத்தனை பேரும், கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர், மருத்துவமனைப் பக்கம் திரும்பி நின்று கையசைப்பார்கள். ஆட்டக்காரர்கள் அசைப்பார்கள், எதிரணி ஆட்டக்காரர்களும் அசைப்பார்கள், நடுவர்களும்தான். ஃபேஸ்புக்கில் ஒரு ரசிகர் சொன்ன யோசனையாக ஆரம்பித்து அந்த வருஷமே நிலையான வழக்கமாகிவிட்டது. டிவியில் சில விநாடிகள் காட்டுவார்கள். நேரில் நிற்கும்போது கவனித்தது வேறு. எனக்கு முன் வரிசையில் ஒருவர் அதுவரை நடுவரைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார், தொண்டை கட்டிவிட்டது, பெரிய உருவம். குவார்ட்டர் முடிந்த சத்தம் கேட்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், திரும்பினார், இரண்டு கையையும் தூக்கி, நிதானமாக, ஒவ்வொரு ஜன்னலாகக் குறிவைப்பது போல அசைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன உருவங்கள் பதிலுக்கு அசைப்பது நன்றாகவே தெரிந்தது, ஒரு ஜன்னலில் யாரோ டார்ச் லைட் அடித்தார்கள். அப்புறம் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு மறுபடி நடுவரைத் திட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு மிச்சிகன் 27-14 என்று ஜெயித்தது, அந்த ஆட்டத்தில் எனக்கு ஞாபகம் இருக்கிற டச்டவுன்களை விட அந்த மனிதர் நன்றாக ஞாபகம் இருக்கிறார்.

அடுத்தது நெப்ராஸ்கா, லிங்கன். பதினோரு மணி நேர டிரைவ், முடியாதவர்கள் ஓமாஹா வரை பறந்து அங்கிருந்து கார் எடுக்கலாம். 1962 நவம்பரிலிருந்து இன்று வரை அந்த ஸ்டேடியத்தில் டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டமே இல்லை. ஆட்ட நாளில் ஓமாஹா, லிங்கன் நகரங்களுக்கு அடுத்து அந்த மாநிலத்தில் ஜனம் அதிகம் இருக்கிற இடம் அந்த ஸ்டேடியம்தான். வாசல் மேலே, கல்லூரி ஃபுட்பாலின் தலைசிறந்த ரசிகர்கள் இந்த வாயில் வழியே போகிறார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கும். எழுதி வைத்ததற்கேற்ப நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி. 2021 அக்டோபர் 9, ராத்திரி ஆட்டம். 29-29 என்று சமமாக நிற்கும்போது கடைசி இரண்டு நிமிடத்துக்குள் அவர்கள் பந்தைக் கைநழுவ விட்டார்கள், மிச்சிகன் மூன்று புள்ளி உதைத்து 32-29 என்று தப்பித்தது. அப்படி ஒரு தோல்வி தோற்றுவிட்டு எந்த ஊராக இருந்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அங்கே சுரங்கப் பாதை ஓரத்தில் நின்ற சிவப்புச் சட்டைக்காரர்கள் எங்கள் ஆட்டக்காரர்கள் உள்ளே போகும்போது கை தட்டினார்கள், படிக்கட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து "நல்ல ஆட்டம், பத்திரமாக ஓட்டிக்கொண்டு போங்கள்" என்றார். எதிரணி ஆளாகப் போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் உள்ளூர் நிறத்தில் போனால் கூட்டத்தில் ஒருவர். வேறு நிறத்தில் போனால் விருந்தாளி. எங்கேயிருந்து வருகிறீர்கள், எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள், சாப்பிட்டீர்களா என்று வரிசையாகக் கேள்வி வரும், கேட்டுவிட்டுத் தட்டையும் கையில் கொடுப்பார்கள்.

எல்லா ஊரும் அப்படியா என்றால் இல்லை. பெயர் வேண்டாம், ஒரு ஊரில் வெளியே வரும்போது மாடிப்படியிலிருந்து பியர் ஊற்றினார்கள், என்னோடு வந்த நண்பரின் சின்னப் பையன் பயந்துபோனான். அங்கேயே பக்கத்தில் நின்ற உள்ளூர் மாணவர்கள் இருவர்தான் எங்களைக் கார் வரை கூடவே நடந்து கொண்டுவந்து விட்டார்கள். வாய்ச்சண்டைக்குப் பதில் சொல்லாதீர்கள், ஜெயித்த அன்று இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருங்கள், குழந்தைகளோடு போனால் நான்காவது குவார்ட்டர் நடுவிலேயே எந்த வாசல் வழியாக வெளியேறுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஓஹாயோ ஸ்டேட் அணியின் ஊரான கொலம்பஸ் பற்றிக் கேட்பீர்கள், மிச்சிகனும் அவர்களும் நவம்பர் கடைசியில் மோதுகிற ஆட்டம். அந்த வாரம் அவர்கள் கேம்பஸில் போர்டுகளில் இருக்கிற 'எம்' எழுத்தை எல்லாம் சிவப்பு டேப் போட்டு அடித்து வைத்திருப்பார்கள். 2022-ல் அங்கே 45-23 என்று ஜெயித்தோம், 2000-க்குப் பிறகு அந்த ஊரில் மிச்சிகன் ஜெயித்த முதல் ஆட்டம், அந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் பயணத்துக்கு அந்த ஆட்டம் வேண்டாம். டிக்கெட் விலை தலைசுற்றும், கூட்டத்தில் இறுக்கம் அதிகம். வேறு ஏதாவது ஒரு வாரம் போங்கள், ஆனால் கட்டாயம் போங்கள், காரணம் அவர்களுடைய பேண்டு. ஒருவர் பின் ஒருவராக வளைந்து வளைந்து நடந்தே மைதானத்தில் 'ஓஹாயோ' என்று ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக எழுதுவார்கள், 1936 முதல் நடக்கிற வழக்கம். கடைசியில் 'ஐ' எழுத்தின் மேல் புள்ளி வைக்க ஒரு சூசஃபோன்காரர், உடம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய பித்தளைக் குழலோடு, தனியாகக் காலைத் தூக்கித் தூக்கி நடந்து வந்து அந்த இடத்தில் நின்று இரு பக்கமும் குனிந்து வணங்குவார். நான்கைந்து வருஷம் பேண்டில் உழைத்தவர்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பு அது. எதிரணி ஆளான எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பொதுவாகவே ஒரு விஷயம்: ஹாஃப்டைம் இருபது நிமிடம், அப்போது யாரும் சாப்பாட்டு வரிசைக்கு ஓடாதீர்கள். டிவியில் அந்த நேரம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசுகிறவர்களைக் காட்டுவார்கள், பேண்டை நேரில் போனால்தான் முழுதாகப் பார்க்கலாம்.

விஸ்கான்சின் அணியின் ஊரான மேடிசனில் மூன்றாவது குவார்ட்டர் முடிந்ததும் ஒரு பாட்டைப் போடுவார்கள், ஸ்டேடியம் மொத்தமும் குதிக்கும், கான்கிரீட் அதிர்வது காலில் தெரியும். 1998-ல் ஆரம்பித்தது, 2003-ல் ஒருமுறை நிர்வாகம் நிறுத்திப் பார்த்தது, மாணவர்கள் விடவில்லை. 2021-ல் 38-17 என்று மிச்சிகன் அங்கே ஜெயித்த அன்று எங்கள் ஆட்டக்காரர்களே ஓரத்தில் நின்று சேர்ந்து குதித்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்துவிடாதீர்கள், அவர்கள் பேண்டு இன்னொரு கச்சேரியே வாசிக்கும். ஏரிக்கரையில் உட்கார இடம், பொரித்த சீஸ் கட்டிகள், ஊரே நடக்கிற தூரம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மிட்வெஸ்டில் இதைவிட வசதியான ஊர் இல்லை என்பேன்.

பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் அணி வேறு விதம். ஸ்டேட் காலேஜ் என்ற ஊர் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, பக்கத்தில் பெரிய நகரமே கிடையாது, ஹோட்டல் அறைகள் ஸ்டேடியத்துக்குப் போதவே போதாது, பலர் ஆல்ட்டூனாவிலோ ஹாரிஸ்பர்க்கிலோ தங்கிவிட்டுக் காலையில் வருவார்கள். ஆர்வி என்கிற வீட்டு வண்டிக்காரர்கள் வாரநடுவிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேரும் வெள்ளைச் சட்டையில் வருவார்கள், ஒயிட் அவுட் என்று பெயர். 2019-ல் மிச்சிகன் அந்த ராத்திரியில் மாட்டிக்கொண்டது, 21-0 என்று பின்தங்கி, மெல்ல மெல்ல எழுந்து, கடைசியில் 28-21 என்று தோற்றது. டிவியில் கேட்கிற கூச்சல் அந்தக் கூச்சலே அல்ல. நெஞ்சுக்கூட்டில் உணர்கிற சத்தம் அது, பக்கத்தில் இருப்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. எதிரணி பந்தை வைத்திருக்கும்போதுதான் கூட்டம் கத்தும், தங்கள் அணி ஆடும்போது சட்டென்று அடங்கும். ஒரு லட்சம் பேர் யாரும் சொல்லாமலேயே இப்படிச் சத்தத்தை ஏற்றி இறக்குவதை ஒருமுறையாவது கேட்க வேண்டும். திரும்பி வரும் வழி மட்டும் கஷ்டம், பார்க்கிங்கிலிருந்து மெயின் ரோட்டைப் பிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகலாம். காரை எடுக்காமல் அங்கேயே சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. நவம்பரில் பென்சில்வேனியா ரோடுகளில் ராத்திரி மான் குறுக்கே வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ராத்திரி ஆட்டம் முடிந்து நெடுந்தூரம் ஓட்டுவதே இல்லை.

நம் அணி ஆடாத ஊருக்கும் நடுநிலையாகப் போகலாம். அப்படிப் போக ஒரே இடம் என்றால் லூசியானா, பேட்டன் ரூஜ். எல்எஸ்யூ, அதாவது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் டைகர் ஸ்டேடியம், சனிக்கிழமை ராத்திரிதான் அவர்களுக்கு ராசி. 1988-ல் ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அடித்த ஒரு டச்டவுனுக்கு எழுந்த ஆரவாரம் கேம்பஸிலேயே இருந்த நிலநடுக்கமானியில் பதிவானது, ஆட்டம் 7-6, இன்றும் அதை பூகம்ப ஆட்டம் என்றுதான் சொல்கிறார்கள். எதிரணிச் சட்டையில் நடந்தால் "டைகர் பெய்ட்", அதாவது புலிக்கு இரை, என்று முகத்துக்கு நேரே கத்துவார்கள், அடுத்த நிமிடமே கிண்ணத்தில் கம்போ ஊற்றி நீட்டுவார்கள். கெட்டியான வெண்டைக்காய்க் குழம்பைச் சோற்றில் ஊற்றியது மாதிரி இருக்கும், நாலு நாள் பர்கர் சாப்பிட்ட நாக்குக்கு அமிர்தம். இறால், கோழி, பன்றித் தொத்திறைச்சி எல்லாம் கலந்து கிடக்கும், சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

இந்த டெயில்கேட் விஷயத்தில் நம் ஆட்கள் தேவையில்லாமல் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிங்கில் டிரக்கின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, கூடாரம் போட்டு ஆட்டத்துக்கு முன்னால் நாலைந்து மணி நேரம் சாப்பிட்டுக்கொண்டும், சாய்வுப் பலகையின் ஓட்டைக்குள் சின்னத் துணிப்பையை எறிந்து விளையாடிக்கொண்டும் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குடும்ப விசேஷம் போலத் தெரியும், நாம் எப்படிப் போய் நிற்பது என்று தோன்றும். கூப்பிட்டால் போய்விடுங்கள், மனதாரத்தான் கூப்பிடுகிறார்கள். கையில் ஏதாவது கொண்டுபோங்கள், அவ்வளவுதான் மரியாதை. நான் ஒரு பெரிய டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போவேன், கெடாது, சூடு பண்ண வேண்டாம். மேடிசனில் ஒரு குடும்பம் அதை பிராட்வர்ஸ்ட் என்கிற தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொண்டு தின்று தீர்த்தது, மறுமுறை வரும்போது ரெசிபி எழுதிக்கொண்டு வா என்று கேட்டார்கள்.

இனி நடைமுறை. இதில் எல்லாரையும் படுத்துகிற விஷயம் ஆட்ட நேரம். எந்தச் சனிக்கிழமை என்பது பல மாதம் முன்னாலேயே தெரியும், எத்தனை மணிக்கு என்பது பெரும்பாலான ஆட்டங்களுக்கு 12 நாள் முன்னால்தான் தெரியும், சிலவற்றுக்கு ஆறே நாள்தான். டிவி கம்பெனிகள் எந்த ஆட்டம் சூடாக இருக்கும் என்று பார்த்து நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், ரசிகர்கள் லீவு போடுவதும் விமான டிக்கெட் எடுப்பதும் அவர்கள் கவலை இல்லை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. காலை 11 மணி ஆட்டம் என்றால் வெள்ளி ராத்திரியே அங்கே இருக்க வேண்டும், ராத்திரி ஆட்டம் என்றால் சனி இரவும் தங்க வேண்டும். அதனால் இரண்டு இரவும் தங்குவதாகவே கணக்குப் போடுங்கள், பல ஹோட்டல்கள் ஆட்ட வாரத்தில் இரண்டு இரவுக்குக் குறைந்து தருவதும் இல்லை. அட்டவணை வந்த உடனேயே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போட்டு வையுங்கள். 50 மைல் தள்ளித் தங்கினால் விலை பாதிக்குப் பாதி இறங்கும். மாநிலம் தாண்டினால் நேர வித்தியாசம் இருக்கிறது என்பதையும் பாருங்கள், மிச்சிகனிலிருந்து அயோவா ஒரு மணி நேரம் பின்னால்.

டிக்கெட்டுக்கு அவசரப்பட வேண்டாம், பெரிய ஆட்டங்கள் தவிர. மறுவிற்பனை தளங்களில் ஆட்ட நாளன்று காலையில் விலை இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், மழை என்று வானிலை சொன்னால் இன்னும் இறங்கும். முன் வரிசை ஆசைப்படாதீர்கள். ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஓரத்தில் எழுந்து நிற்பார்கள், அவர்கள் முதுகைத்தான் பார்ப்பீர்கள். மேலே, நடுக்கோட்டுக்குப் பக்கமாக உட்கார்ந்தால் யார் எங்கே ஓடுகிறார்கள், எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்று முழு வடிவமும் தெரியும். பெரும்பாலான இருக்கைகள் முதுகு சாயாத அலுமினிய பெஞ்சுதான், ஒருவருக்கு ஒன்றரை அடி இருந்தால் அதிகம், நவம்பரில் எல்லாரும் கனமான கோட்டு போட்டு வந்தால் அதுவும் இல்லை. குளிருக்கு ஒரு உபாயம்: அட்டைப் பெட்டியைக் கிழித்து மடித்துக் கொண்டுபோய்க் காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் செய்யாததை அது செய்யும், குளிர் தரை வழியாகத்தான் ஏறுகிறது. குடை அனுமதி இல்லை, தலைவழியாகப் போடுகிற மழைக்கோட்டு, போன்ச்சோ, வாங்கிக்கொள்ளுங்கள். பை என்றால் ஒளிபுகும் பிளாஸ்டிக் பை மட்டும்தான், 12 அங்குலத்துக்கு மேல் கூடாது, சில இடங்களில் அதுவும் கூடாது, முன்னாலேயே பார்த்துவிடுங்கள். டிக்கெட்டை ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போதே போனில் வாலெட்டுக்குள் இறக்கி வையுங்கள், வாசலில் ஒரு லட்சம் பேர் நடுவே சிக்னல் கிடைக்காது, தொலைந்தால் எங்கே சந்திப்பது என்பதையும் வாயால் பேசி வையுங்கள்.

இதெல்லாம் இன்னும் எத்தனை வருஷம் இப்படியே இருக்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. இந்தப் பயணங்களின் அடிப்படையே அடுத்த மாநிலத்து எதிரி, காரில் போகிற தூரம், வருஷா வருஷம் அதே ஆட்டம் என்பதுதான். 2024-ல் டிவி பணத்துக்காக லீக்குகளைக் கலைத்து அடுக்கினார்கள். மேற்குக் கடற்கரை அணிகள் இருந்த பேக்-12 சிதறியது, மிச்சிகன் இருக்கும் பிக் டென்னில் இப்போது 18 அணிகள், லாஸ் ஏஞ்சலீஸின் யுசிஎல்ஏவும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒரே லீக். அந்த அக்டோபரில் எங்கள் அணி சியாட்டில் வரை போய் ஆடித் தோற்றது. ஏரிக்கரை ஸ்டேடியம், படகிலேயே வந்து இறங்குகிற ரசிகர்கள், அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் குடும்பத்தோடு காரில் கிளம்பிப் போகிற பயணம் இல்லையே அது. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறு வருஷத்துக்கும் மேலாக ஆடிவந்த ஆட்டம் 2023-ஓடு நின்றுபோனது. ஒரே மாநிலத்துக்குள் நடந்த சண்டை, இனி அந்தச் சனிக்கிழமைக்கு என்ன செய்வார்கள் அந்த ஊர்க்காரர்கள்? நல்லது எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது: 2011-க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சஸ் - டெக்சஸ் ஏ அண்டு எம் ஆட்டம் 2024-ல் திரும்பி வந்தது, ஏ அண்டு எம்மில் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளம், அவர்கள் அடைந்த சந்தோஷத்தை நேரில் பார்த்தேன். சாம்பியனை முடிவு செய்கிற பிளேஆஃப் 12 அணியாக விரிந்ததும் அதே வருஷம், முதல் சுற்று ஆட்டங்களைப் பொது மைதானத்தில் வைக்காமல் கேம்பஸிலேயே டிசம்பர் குளிரில் வைத்தது மிக நல்ல முடிவு. அடுத்த சுற்றுகளையும் அப்படியே செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ஒரே ஒரு விதிவிலக்கு, கலிஃபோர்னியாவில் பசடீனாவின் ரோஸ் பவுல் ஸ்டேடியம், அங்கே நடக்கிற புத்தாண்டு ஆட்டத்துக்கும் அதே பெயர்தான். எந்தக் கேம்பஸிலும் இல்லை, இருந்தாலும் வாழ்நாளில் ஒருமுறை போக வேண்டிய இடம். 1902-ல் முதல் ரோஸ் பவுல் ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று ஜெயித்தது. 2024 ஜனவரி 1 அன்று அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20 என்று வென்றபோது நான் அங்கே இருந்தேன். கோல்ஃப் மைதானப் புல்லில் கார் நிறுத்தி, மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் ஆரம்பித்து, இரண்டாம் பாதியில் சான் கேப்ரியல் மலை ஊதா நிறமாகிறபோது ஸ்கோர் போர்டைக் கூட மறந்து எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். நான்காவது முயற்சியில் அலபாமாவின் குவார்ட்டர்பேக்கை, அதாவது ஆட்டத்தை நடத்துகிற முக்கிய ஆட்டக்காரரை, கோட்டுக்கு முன்னால் மடக்கிப் போட்ட அந்த விநாடியில் எனக்குப் பின்னால் இருந்த அறுபது வயதுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார், அவர் பெயர் இன்று வரை எனக்குத் தெரியாது.

உங்களுக்கு இந்த சீசனுக்கே பதில் வேண்டும் என்றால்: செப்டம்பரில் ஆன் ஆர்பரில் ஒரு ஆட்டம் பாருங்கள். அக்டோபரில் மேடிசன் அல்லது அயோவா சிட்டி, மிச்சிகன் அந்த வருஷம் அங்கே போகாவிட்டாலும் பரவாயில்லை, மிச்சிகன் தொப்பி போட்டுக்கொண்டே போங்கள், பேச ஆள் கிடைக்கும். நவம்பரையும் டிசம்பரையும் குளிர் பழகிய அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் சிகாகோவைத் தாண்டிவிடுங்கள், இல்லையென்றால் அங்கேயே இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டு ஊரில் எது என்று முடிவாகாவிட்டால் இன்றைக்கே இரண்டிலும் அறை போட்டு வைத்துவிட்டு, ஆட்ட நேரம் தெரிந்ததும் ஒன்றை ரத்து செய்யுங்கள்.